ஜோடி எண் பதிவேடு

நான்கு நிமிட வேலை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். கதை போகிற போக்கில் கோபம் வந்து, சொல்ல மறந்துவிடக் கூடாது பாருங்கள்.

என் பெயர் சாம்சன். ராஜபாளையத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பதினேழு வருஷமாக இதே பிழைப்பு. கிணற்றில் விழுந்த போன், சாம்பாரில் விழுந்த போன், சம்பந்தி வீட்டுச் சண்டையில் சுவரில் பட்ட போன் என்று எல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்திருக்கிறேன். ஒரு மெஷினை இன்னொரு மெஷினோடு சேர்த்து வைப்பது எனக்குப் பல் விளக்குகிற மாதிரி. அப்படிப்பட்டவனையே திணற வைத்த இடம் ஒன்று உண்டென்றால் அது அரசாங்கத்தின் எண்ணிம வாசிப்பு வளர்ச்சிக் கழகம். எண்ணிமம் என்றால் டிஜிட்டலாம்.

அந்தக் கழகத்தின் ராஜபாளையம் வாசிப்பு மையம் ஒரு சந்துக்குள் மாடியில் இருக்கிறது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு இ-ரீடர், அந்த இ-ரீடரைக் கண்காணிக்க ஒரு கேமரா. புத்தகம் ஒன்று கூடக் கிடையாது. எல்லாம் மெஷினுக்குள் இருக்கிறதாம். மெஷினை எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து, அதன் மூலையில் டிரில் போட்டு, ஓட்டைக்குள் சைக்கிள் சங்கிலியைக் கோத்து மேஜைக் காலோடு பூட்டிவிட்டார்கள். சாவி ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார அலுவலகத்தில். டிரில் போட்ட புண்ணியவான் யூஎஸ்பி வாய்க்குப் பக்கத்திலேயே போட்டதில் தகவல் போகிற தடம் அறுந்துபோயிற்று. சார்ஜ் ஏறும், வேறு எதுவும் ஏறாது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே நடந்த பாதுகாப்பு ஏற்பாடு இது.

உள்ளே ஆறாயிரம் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது. எதைத் திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். தமிழ் எழுத்துருவை ஏற்ற மறந்துவிட்டார்கள். திறப்பு விழாவன்று திரையைப் பார்த்த சிறப்பு விருந்தினர், குறுக்கெழுத்துப் போட்டியெல்லாம் வைத்திருக்கிறார்களே என்று பாராட்டிவிட்டுப் போனதாகக் கேள்வி. அதற்குப் பிறகு அந்த மாடிக்கு யாரும் ஏறவில்லை. மாரீஸ்வரி ஏறும்வரை.

மாரீஸ்வரி சேத்தூர்க்காரி. தினமும் பஸ் ஏறி வந்து, என் கடைக்குப் பின்னால் இருக்கிற பேண்டேஜ் துணி மில்லில் மடிப்புப் பிரிவில் வேலை பார்த்தாள். பிறவியிலிருந்தே பார்வை மங்கல். மடிப்பு வேலைக்குக் கண் வேண்டாம், விரல் போதும். ஆனால் அடுத்த வருஷம் மடிப்புக்கு மெஷின் வருகிறது, பத்துப் பேரை நிறுத்தப் போகிறார்கள் என்று மில்லில் பேச்சாகிவிட்டது. அவளுக்கு இருந்த ஒரே வழி அரசு எழுத்தர் தேர்வு. மூன்று தடவை எழுதிக் கொஞ்ச மார்க்கில் விட்டவள். வயசுக் கணக்குப்படி இதுதான் கடைசித் தடவை. ஆறு மாதம் இருந்தது.

போன் வெளிச்சத்தைப் பார்த்தால் அவள் கண்ணில் நீர் கொட்டும். அச்சடித்த புத்தகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூன்று மணி நேரம் தாங்கும், அதற்குப் பிறகு தலைவலி மூன்று நாள் நிற்கும். ஆகவே லென்ஸை வைத்துத் தேர்வை எழுதிவிடலாம், தேர்வுக்குப் படிக்க முடியாது. இ-ரீடர் திரையில் கண் கூசுகிற வெளிச்சம் கிடையாது, எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கலாம் என்று யாரோ சொல்ல, அவள் மாடியேறிப் பார்த்தாள். பாடப் புத்தகத்தைத் திறந்தாள். கட்டம். எழுத்தைப் பெரிதாக்கினாள். கட்டம் பெரிதானது. நேராக என் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, கட்டம் ரொம்ப நல்லாத் தெரியுது. உள்ள என்ன இருக்குன்னுதான் தெரியல."

நான் போய்ப் பார்த்தேன். கம்பி வழியில்லாததால் வயர்லெஸ் டீபக்கிங் ஒன்றுதான் வழி. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். இ-ரீடரும் ஒரு கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். இ-ரீடரின் செட்டிங்ஸில் அதை ஆன் செய்தால் ஒரு சின்ன ஜன்னல் திறந்து ஆறு இலக்க எண் காட்டும். இரண்டு மெஷினையும் ஜோடி சேர்க்கிற எண். அதைக் கம்ப்யூட்டரில் அடித்தால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும், எழுத்துருவை அனுப்பிவிடலாம். ஜன்னலை மூடினால் அந்த எண் செத்துப்போகும், மறுபடி திறந்தால் புது எண் பிறக்கும். அவ்வளவுதான். நான்கு நிமிடம்.

லேப்டாப்பைத் திறந்தேன். மையப் பொறுப்பாளர் ஹெப்சிபா ஓடிவந்து குறுக்கே நின்றாள். நல்ல பெண். ஆறு வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். மேலே இருந்த கேமராவைக் கண்ணால் காட்டி, வெளி ஆள் கை வைப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரிந்தால் தன் வேலை போய்விடும், கழகத்தின் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதையும் இணைக்கக் கூடாது, ஒரு மனு எழுதிக் கொடுங்கள் என்றாள். ஒரு பெண்ணின் படிப்புக்காக இன்னொரு பெண்ணின் சோற்றில் மண் போட மனம் வரவில்லை. மனு எழுதினேன். இந்த வேலைக்கு ஆகும் நேரம் நான்கு நிமிடம் என்று அதில் குறிப்பிட்டது நான் செய்த முதல் தப்பு.

வட்டார அலுவலர் சௌந்தரபாண்டியன் எங்கள் இருவரையும் நேரில் வரச் சொன்னார். மாரீஸ்வரி ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். அலுவலகத்தின் நடுவில் கம்ப்யூட்டர் மஞ்சள் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேலே சந்தனம், குங்குமம். போன ஆயுத பூஜைக்கு வைத்ததா, அதற்கு முந்தியதற்கு வைத்ததா என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் காய்ந்திருந்தது. அந்தத் துணியை விலக்கலாமா என்று கேட்டேன். அவர் என்னை உட்கார வைத்து விளக்கினார்.

"தம்பி, இந்த ஆபீஸ் ஆரம்பிச்சு ஆறு வருஷமாச்சு. இதுவரைக்கும் ஒரு மெஷின் ரிப்பேர்னு பேர் கிடையாது. மத்த வட்டாரத்துல எல்லாம் மாசம் ரெண்டு ரிப்பேர். ஏன்னு நெனைக்கிறீக? அவிய ஆன் பண்ணுதாக. நாங்க பண்றதில்ல."

இதற்காக மாநில அளவில் கேடயம் வாங்கியிருந்தார். அலமாரியில் இருந்தது. அதற்கும் ஒரு துணி போர்த்தியிருந்தார்கள்.

விஷயத்துக்கு வந்தோம். கம்ப்யூட்டரை ராஜபாளையத்துக்குக் கொண்டுபோகலாமா? முடியாது, அது ஸ்ரீவில்லிபுத்தூர் இருப்பு. சங்கிலியை அவிழ்த்து இ-ரீடரை இங்கே கொண்டுவரலாமா? முடியாது, அது ராஜபாளையம் இருப்பு. இருப்புப் பொருள் எல்லை தாண்டக் கூடாது. அப்படியானால் இரண்டும் ஒரே வைஃபையில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. இரண்டு ஊரிலும் உள்ள வைஃபைக்கு ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் வைக்க வேண்டும், அதன்மூலம் இரு கருவிகளும் ஒரே வைஃபையில் இருப்பதாகக் கருதப்படும்.

எனக்குப் பொறுக்கவில்லை. கடையை அடைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போனேன். மம்சாபுரத்தில் ஒரு மாரிச்சாமி இருக்கிறான், தளவாய்புரத்தில் ஒரு மாரிச்சாமி இருக்கிறான், இவன் சாப்பிட்டால் அவனுக்கு வயிறு நிறையுமா சார் என்று கேட்டேன். அவர் உண்மையிலேயே யோசித்தார். கண்ணை மூடிக்கொண்டு செத்த நேரம் யோசித்தார்.

"அவங்க ரெண்டு பேருக்கும் ஆதார் நம்பர் வேற வேற, தம்பி. இங்க பாஸ்வேர்டு ஒண்ணுதான."

என்னுடைய கேள்வியைத் தொழில்நுட்ப ஆலோசனை என்று தலைப்பிட்டு ஃபைலில் சேர்த்துக்கொண்டார்கள். இப்போதும் இருக்கும்.

அடுத்தது எண். ஹெப்சிபா ஜன்னலைத் திறந்து, வந்த ஆறு இலக்கத்தைக் கடிதத்தில் எழுதி, முத்திரை குத்தித் தபாலில் அனுப்ப வேண்டும் என்று வந்தது. எழுதினாள்: 418207. மூன்று நாளில் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் மேஜை மேஜையாக நகர்ந்து ஒப்புதல் ஆகி, மஞ்சள் துணியை விலக்கி, சூடம் காட்டி, எண்ணை அடித்துப் பார்த்திருக்கிறார்கள். சேரவில்லை. எண்ணை மீண்டும் சரிபார்த்து அனுப்பும்படி நினைவூட்டல் வந்தது. ஹெப்சிபா ஜன்னலைத் திறந்தாள். இப்போது 903516. அதை எழுதி அனுப்பினாள். பதிலுக்கு மெமோ வந்தது.

'தங்கள் மையத்தில் ஒரே ஒரு கருவி மட்டுமே உள்ள நிலையில், இருபது நாள் இடைவெளியில் இருவேறு ஜோடி எண்களைத் தெரிவித்தது ஏன்? இவற்றுள் எது உண்மை? பொய்யான எண்ணைத் தந்தமைக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

ஹெப்சிபா என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். நான் அவளுக்காக விளக்கம் எழுதினேன். ஜன்னலை மூடினால் எண் செத்துப்போகும், திறந்தால் புதிதாகப் பிறக்கும், இது கருவியின் இயல்பு. கடையில் பேசுகிற மாதிரியே எழுதிவிட்டேன். இது என் இரண்டாவது தப்பு. கழகம் விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, தடித்த அட்டை போட்ட பதிவேடு ஒன்றை அனுப்பி வைத்தது. ஜோடி எண் பதிவேடு. அதில் கட்டம் போட்டிருந்தார்கள்: எண், பிறந்த நேரம், இறந்த நேரம், இறப்புக்கான காரணம், உடனிருந்தவர் கையொப்பம்.

ஒப்புதல் வருவதற்குள் ஒன்று செத்துப்போகும், அடுத்ததைத் திறக்க வேண்டும். இரண்டு மாதத்தில் இருநூற்றுப் பதினான்கு எண்கள் பிறந்து இறந்தன. ஹெப்சிபா ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினாள். 'திரை அணைந்தது.' 'மின்தடை.' 'பொறுப்பாளர் தும்மியபோது விரல் பட்டது.' உடனிருந்தவர் என்ற இடத்தில் பெரும்பாலும் மாரீஸ்வரியின் கையெழுத்து இருக்கும். வேறு யார் அங்கே போகிறார்கள்? மில்லில் சாப்பாட்டு நேரம் அரைமணி. அந்த அரைமணியில் படிக்க வந்தவள், எண்களின் சாவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். தணிக்கைக்கு வந்தவர் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, இவ்வளவு சுத்தமான பதிவேட்டைத் தன் சர்வீஸில் கண்டதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இந்தச் சாவுகளைத் தடுக்கக் கழகம் முடிவெடுத்தது. காலை பத்து மணிக்குப் பிறக்கிற எண்ணை மாலை ஐந்து மணி வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அதற்குள் தொலைபேசியில் ஒப்புதல் வரும். அந்த மெஷினைத் தொடாமல் விட்டால் இரண்டு நிமிஷத்தில் திரை தூங்கிவிடும். தூங்காமல் இருக்க செட்டிங்ஸில் ஒரு இடத்தை மாற்றினால் போதும், ஆனால் மாற்ற அனுமதி வேண்டும், அது வேறு மனு. ஆகவே ஹெப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். அவள் சாப்பிடுகிற அரைமணி நேரம் மாரீஸ்வரி தொட்டாள். தன்னால் படிக்க முடியாத மெஷின் தூங்கிவிடாமல் அந்தப் பெண் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

முதல் நாள் நாலே முக்காலுக்குக் கரண்ட் போயிற்று. இரண்டாம் நாள் ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்கு ஒப்புதல் வந்தது. மையம் ஐந்துக்கு மூடியாகிவிட்டது. மூன்றாம் நாள் ஒப்புதல் நாலு மணிக்கே வந்துவிட்டது. எண்ணையும் சரியாக அடித்தார்கள். சேரவில்லை. எப்படிச் சேரும்? ஒரு மெஷின் ராஜபாளையத்தில், ஒரு மெஷின் ஸ்ரீவில்லிபுத்தூரில். இருப்பதாகக் கருதப்படுகிறது என்பது மெஷினுக்குத் தெரியாதே.

இப்படியே நாலரை மாதம் ஓடிவிட்டது. மாரீஸ்வரி ஒரு பக்கம் கூடப் படித்திருக்கவில்லை. ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அலுவலர் அறை வாசலில் நின்றுவிட்டாள். நான் தகவல் தெரிந்து ஓடியபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல்.

"சார், பரிச்சைக்கு இன்னும் ஏழு வாரந்தான் இருக்கு. ஒங்க மெஷின் அடுத்த வருஷமும் இருக்கும். எனக்கு அடுத்த வருஷம் கிடையாது."

சௌந்தரபாண்டியன் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். அவர் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று, உனக்காக நான் விதியைத் தளர்த்துகிறேன் அம்மா என்றார். இருப்புப் பொருள்தான் எல்லை தாண்டக் கூடாது, விழாப் பொருள் தாண்டலாம். மைக் செட்டு போகிறது, ஷாமியானா போகிறது, அந்த வரிசையில் கம்ப்யூட்டரும் போகலாம். ஆகவே ஒரு விழா எடுத்தால் தீர்ந்தது. அதற்கு இணைப்பு விழா என்று அப்போதே பெயர் வைத்தார். நல்ல நாள் பார்க்க எட்டு நாள் ஆயிற்று.

அன்றைக்குக் காலை கம்ப்யூட்டர் ஜீப்பில் வந்திறங்கியது. முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. அலுவலர் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஓட்டிவந்தவர் டிரைவர் கண்ணுச்சாமி. மாடியில் மேஜையைச் சுற்றிப் பந்தல் துணி, வாசலில் வாழைமரம், ஆளுக்கு ஐம்பது கிராம் பால்கோவா. கம்ப்யூட்டரை இ-ரீடருக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரு சிவப்பு ரிப்பனால் சேர்த்துக் கட்டினார்கள். இணைப்பைத் தொடங்கி வைப்பதற்காக அலுவலர் அந்த ரிப்பனை வெட்டுவார் என்று அழைப்பிதழில் இருந்தது.

இரண்டு மெஷினும் முதல்முறையாக ஒரே அறையில் இருந்தன. வரவேற்பு பிளக்ஸைக் கேமராவுக்கு முன்னால் கட்டிவிட்டதால் கேமராவுக்கும் கண் மறைந்திருந்தது. அலுவலர் மைக்கைப் பிடித்தார்.

"இணைப்பு என்பது சாதாரணமான காரியம் அல்ல. அவசரப்படுகிறவர்கள் நான்கு நிமிடத்தில் இணைத்துவிடுவார்கள். நாம் நான்கரை மாதம் உழைத்திருக்கிறோம். எந்தத் தனியார் நிறுவனத்தால் ஒரு எண்ணுக்காக நான்கரை மாதம் உழைக்க முடியும்?"

கைதட்டினார்கள். நான் கண்ணுச்சாமியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த மனிதருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும், நாலரை மாதமாக ஃபைல்களைச் சுமந்து ஓட்டியவர் அவர்தானே. மையத்து வைஃபையின் பிளக்கைப் பிடுங்கித்தான் மைக் செட்டுக்குக் கரண்ட் கொடுத்திருந்தார்கள். அவர் பையிலிருந்து போனை எடுத்து ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, பாஸ்வேர்டை என் காதில் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வாழைமரத்தைச் சரிசெய்யப் போய்விட்டார். பந்தல் துணிக்குப் பின்னால் நான் குனிந்தேன். இரண்டையும் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்தேன். ஜன்னலைத் திறந்தேன், எண் வந்தது, அடித்தேன். சேர்ந்தது. பென் டிரைவிலிருந்த எழுத்துருவை ஏற்றினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிஷம் ஐம்பது விநாடி.

மாரீஸ்வரியைக் கூப்பிட்டுப் புவியியல் பாடத்தைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவ்வளவு பக்கத்தில் போக வேண்டியிருக்கவில்லை. சங்கிலி ஆட, ஒரு கையால் மெஷினைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள்: மேற்குத் தொடர்ச்சி மலை பருவக்காற்றைத் தடுத்து மழை தருகிறது. ஜன்னலுக்கு வெளியே அதே மலைதான் நின்றுகொண்டிருந்தது. ஹெப்சிபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் குரல் மைக்கில் ஏறிவிட்டது. அலுவலர் பேச்சை நிறுத்தித் திரும்பினார். திரையைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் முதல்தடவையாக அதில் தமிழ் இருந்தது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"ரிப்பன் வெட்டுறதுக்கு முன்னாலயே இது இணைஞ்சிருச்சுன்னா, நான் எதைத் தொடங்கி வைக்க?"

முன்கூட்டி இணைந்தது விதிமீறல், கருவியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, முறைப்படி தொடங்கி வைத்து, பிறகு இணைக்க வேண்டும் என்றார். நான் கெஞ்சினேன். மாரீஸ்வரி மெஷினை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் ரொம்பப் பதமாகத்தான் சொன்னார்: நான்கு நிமிட வேலை என்று நீங்கள்தானே தம்பி எழுதிக் கொடுத்தீர்கள், இன்னொரு நான்கு நிமிஷம் ஆகட்டுமே. ஹெப்சிபாவைத்தான் ரீசெட்டை அழுத்தச் சொன்னார்கள். அவள் மாரீஸ்வரியைப் பார்த்தாள். மாரீஸ்வரிதான் கையை எடுத்து, அழுத்துங்கக்கா, ஒங்க வேலை முக்கியம் என்றாள்.

ரீசெட் ஆவதற்கு இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது. பத்தரைக்கு ராகு காலம். பத்து இருபத்தெட்டுக்கு, பாதி உயிரோடு சுற்றிக்கொண்டிருந்த திரைக்கு முன்னால் ரிப்பனை வெட்டினார்கள். படம் எடுத்தார்கள். ராகு காலத்தில் இணைக்கக் கூடாது, விழாப் பொருளுக்கான அனுமதியோ பதினொரு மணி வரைதான். கம்ப்யூட்டருக்குப் பெல்ட் போட்டு ஜீப்பில் ஏற்றினார்கள். பதிவேட்டில் கடைசி எண்ணுக்கு எதிரே, இறப்புக்கான காரணம் என்ற இடத்தில், 'தொடக்க விழா' என்று ஹெப்சிபா எழுதினாள்.

அன்று மதியம் மாரீஸ்வரி மில்லில் துணி மடித்துக்கொண்டே அழுதிருக்கிறாள். மடிப்புப் பிரிவில் மூத்தவள் அங்காளம்மாள். என்ன ஏது என்று கேட்டுவிட்டு, நெசவுப் பழுது என்று ஒதுக்கி மூலையில் கிடந்த பேண்டேஜ் ரோல்களைக் காட்டி ஒன்று சொன்னாளாம்.

"எழுத்துப் பெருசா இருக்கணும், அம்புட்டுத்தான? இது எம்புட்டு நீளம் கெடக்கு பாரு."

மேனேஜரிடம் கேட்டு வாங்கிவிட்டார்கள். துணிக்கட்டுகளில் பேல் நம்பர் போடுகிற கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு, பழைய பாடப் புத்தகங்களைப் பார்த்துப் பத்துப் பெண்கள் வேலை முடிந்து தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினார்கள். ஐந்துக்கு மையத்தைப் பூட்டிவிட்டு ஹெப்சிபாவும் போய்ச் சேர்ந்துகொள்வாள். ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அளவு. வெள்ளைத் துணியில் வெறும் கறுப்பு, கண் கூசாது. மாரீஸ்வரி ஒரு பக்கம் அவிழ்த்து மறுபக்கம் சுருட்டிக்கொண்டே படிப்பாள். பஸ்ஸில் அவளைப் பார்த்தவர்கள் யாருக்கோ பெரிய அடி என்று நினைத்து இடம் விட்டார்கள். நானும் ஒரு ரோல் எழுதிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, அண்ணே ஒங்க எழுத்துக்கு அந்தக் கட்டமே தேவல என்று திருப்பித் தந்துவிட்டாள். மொத்தம் அறுபத்து மூன்று ரோல். எந்த ரோலுக்கும் ஒப்புதல் வாங்கவில்லை.

லென்ஸை எடுத்துக்கொண்டு போய்த் தேர்வை எழுதினாள். பாஸ்.

முடிவு வந்த மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிளக்ஸ் ஏறிவிட்டது. 'எமது மின்வாசிப்பானால் வாழ்வில் உயர்ந்த மாரீஸ்வரி!' விண்ணப்பத்துக்கு எடுத்த படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்தார்கள். பயனாளி பாராட்டு விழாவுக்கு அவள் நேரில் வந்து, மின்வாசிப்பானில் ஒரு பக்கம் படித்துக்காட்ட வேண்டும் என்று கடிதம். அவள் போவதாக இல்லை. ஆனால் பயனாளி மேடை ஏறினால்தான் மையத்துக்கு அடுத்த ஆண்டு உண்டு என்று கடிதத்தின் கடைசியில் இருந்தது. மையம் இல்லையென்றால் ஹெப்சிபா இல்லை. போகிறேன் என்றாள்.

இ-ரீடரை மேஜையோடு லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பூட்டின் சாவியைத் தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. மண்டபம் நிறைய ஆட்கள். நான் முதல் வரிசையில் ஹெப்சிபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சௌந்தரபாண்டியன் ஒரு மணி நேரம் பேசினார். இந்தச் சகோதரி வந்தபோது இருட்டில் வந்தார், நாம் வெளிச்சம் கொடுத்தோம் என்றார். பிறகு மாரீஸ்வரியை அழைத்து, மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தி, பாடப் புத்தகத்தைத் தானே திறந்து கொடுத்தார். திறந்தவர் திரையைப் பார்க்கவில்லை. போட்டோகிராபரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரீசெட் ஆன நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. எனக்குத் தெரியும். ஹெப்சிபாவுக்கும் தெரியும். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாரீஸ்வரி எழுத்தைப் பெரிதாக்கினாள். மைக்கைச் சரிசெய்துகொண்டாள். திரையில் இருந்ததை இருந்தபடியே, ஒரு பக்கம் முழுக்க, நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"கட்டம். கட்டம். கட்டம். கட்டம். காற்புள்ளி. கட்டம். கட்டம். கட்டம். முற்றுப்புள்ளி. கட்டம்."

கடைசி முற்றுப்புள்ளி வரை படித்துவிட்டு அலுவலரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் அப்போதுதான் போட்டோகிராபரிடமிருந்து திரும்பினார். முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் முதல் ஆளாகக் கைதட்டினார். அவர் தட்டியதைப் பார்த்து மற்ற அலுவலர்கள் தட்டினார்கள். அவர்களைப் பார்த்து மண்டபமே தட்டியது.

விழா நடவடிக்கைக் குறிப்பின் நகல் ஹெப்சிபாவின் மையத்துக்கு வந்தது. வேலை நீட்டிப்பு உத்தரவும் கூடவே வந்தது. குறிப்பில் ஆறாவது வரி இது: 'பயனாளி, கருவியில் இருந்த ஒரு பக்கத்தை அனைவர் முன்னிலையிலும் உரத்த குரலில், ஒரு பிழையும் இன்றி வாசித்துக் காட்டினார்.'